முன்னால் சாவி கொடுக்கிற எஞ்சின்

சென்னைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். புடவைக்கு வருவார்கள், கச்சேரிக்கு வருவார்கள், கபாலீசுவரரைக் கும்பிட வருவார்கள். நான் கொழும்பிலிருந்து கடல் தாண்டி வந்தது ஒரு மரக்கட்டைக்காக. நாலு அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம். அதே அளவில் ஓர் எஞ்சின் வேண்டும். வழியில் சுங்கத்து ஆள் அந்தக் கட்டையை என் கைப்பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கட்டையைச் செதுக்கியவர் என் கணவர். துறைமுகத்தில் படம் வரைகிற உத்தியோகம். நாலு வருஷமாகச் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒரு கார் செய்துகொண்டிருந்தார். அவர் ஓட்டப் பழகிய காரில் பத்தில் ஒரு பங்கு. கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். பின் சீட்டுக்கு என்னுடைய பழைய கைப்பையின் தோல் போயிற்று. எல்லாம் முடிந்து எஞ்சின் மட்டும் இல்லை. சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சினுக்குச் சுருள்வில்லும் பல்சக்கரமும் வேண்டும், அவற்றை வீட்டில் செய்ய முடியாது.

கடைகளில் விற்கிற சாவிப் பொம்மை எதிலாவது பிடுங்கிப் போடலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் காலத்துக் காரை முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஆகவே இந்தக் காருக்கும் முன்னால்தான் சாவி கொடுக்க வேண்டுமாம். பொம்மைகளுக்கெல்லாம் சாவி விலாவில் இருக்கிறது. இதற்கும் விலாவிலே ஓர் ஓட்டை போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இதற்குப் போய்க் கடல் தாண்டுவதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அவருக்குக் கண்ணில் அழுத்த வியாதி. வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணை வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டி ஆபரேஷன் செய்வதாக நாள் குறித்திருந்தார்கள். வெட்டினால் பார்வை மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர், "அதுக்கு முதல் அது ஓடுறதைப் பாத்திட்டால் போதும்" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலை சென்னை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்ப ரயில். அதைத் தவறவிட்டால் வந்ததற்கு அர்த்தமே இல்லை.

முதல் நாள் தியாகராய நகர். என்னோடு படித்த ஒருத்தியின் மாடி அறையில் தங்கினேன். அவள் திருச்சிக்குப் போயிருந்தாள். அறைச்சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்து, மேசையில் ஒரு டப்பா முறுக்கும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். குளித்துவிட்டுப் பாண்டி பஜாரில் இறங்கினேன்.

மத்தியானத்துக்குள் ஒன்பது கடை. எல்லாக் கடையிலும் கட்டையை மேசைமேல் வைப்பேன். கடைக்காரர் கட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அந்தச் சாமான்கள் எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்தவை, சண்டைக்கு முன்னால் வந்ததோடு சரி, சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் ஒரு பெட்டிகூட வரவில்லை என்பார். கொழும்பிலும் இதே பாட்டுத்தான். ஒரு கடைக்காரர் மட்டும் மனம் தளராமல் உள்ளேயிருந்து ஒரு கிராமபோன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கட்டையைப் போல நாலு கட்டை அதற்குள் போகும்.

"இத்தப் போடும்மா. காரு இன்னா, பஸ்ஸே ஓடும்."

"கார் இதுக்குள்ளதான் போகும், இது காருக்குள்ள போகாது" என்றேன்.

அவர் அதற்கும் கோபப்படவில்லை. இப்படி எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர் அடையாறில் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு விலாசத்தைச் சிகரெட்டு அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஒன்றும் வாங்காத ஒருத்திக்கு இவ்வளவு செய்கிறாரே என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஓட்டலில் காபி குடித்தேன். நான் தேயிலை நாட்டுக்காரி, ஒரு மிடறில் மூக்கைச் சுளிக்கத் தயாராக இருந்தேன். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன் என்பதை இவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இட்லி எங்கள் ஊர் இட்லியைவிட மெத்து. சம்பல் என்று கேட்டால் சட்னியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். காரம் போதாது, ஆனால் மூன்றாவது தடவை கேட்காமலே ஊற்றுகிறார்கள்.

சனிக்கிழமை அடையாறு. பஸ் ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீள ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்னால் போய்ச் சொருகி, காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் சுற்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஹாண்டில் அவரையே திருப்பி அடிக்கப் பார்த்தது. நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இவர் நாலு வருஷம் பிடிவாதம் பிடித்த விஷயம் கண்முன்னால் நடக்கிறது.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, பஸ்ஸு நின்னுகினு கீது, நீ சிரிச்சிகினு கீறே."

நான் கட்டையை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார். டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"உங்க வூட்டுக்காரு சொல்றது கரீட்டும்மா. சைடுல சாவி குட்த்தா அது காரே இல்ல" என்றார்.

பிறகு எல்லோருமாக இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். காலுக்குக் கீழே ஆறு கிடக்க, பாலம் முழுவதும் தள்ளிக்கொண்டே போய் அந்தக் கரையில்தான் வண்டி உயிர் பெற்றது.

அடையாறுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினீயர். வீட்டில் நாற்காலிகளைவிட எஞ்சின்கள் அதிகம். எல்லாம் உள்ளங்கை அளவு நீராவி எஞ்சின்கள், அவரே செய்தவை. முன்னால் ஹாண்டில் போட்டு நீராவியைக் கிளப்ப முடியாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் நாலு எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றி, அடுப்பு மூட்டி, ஓட்டிக் காட்டாமல் என்னை விடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். என் கட்டையை வாங்கி, பித்தளை அளவுகோலை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார்.

"கண் தெரியாதவர்னு சொன்னீங்களே. மயிரிழை வித்தியாசம் இல்லையே, அம்மா."

இவர் அதைச் செதுக்கும்போது கட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, பார்வையைவிட விரல் நுனியைத்தான் நம்பினார். அதை இன்னொருவர் கண்டுகொண்டு சொன்னபோதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலுமாகச் சாப்பாடு போட்டார்கள். கை கழுவும்போது எஞ்சினீயர் சொன்னார்:

"முன்பக்கம் ஹாண்டில் வெச்ச தகரக் கார் ஒண்ணு சண்டைக்கு முன்னால் வந்தது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். மயிலாப்பூர்ல கச்சேரி ரோட்டில் கரீம் பாய்னு கடிகாரம் ரிப்பேர் செய்யறவர் இருக்கார். சாவி கொடுக்கிற சாமான் எதுவானாலும் ஒருதரம் அவர் கையில போயிருக்கும். கேட்டுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர். நவராத்திரியானதால் மாட வீதிகளில் பொம்மைக் கடைகள் இன்னும் கொஞ்சம் மீதியிருந்தன. கச்சேரி ரோட்டில் கரீம் பாயின் கடை ஒரு பீரோ அகலம்தான். உள்ளே இருபது கடிகாரங்கள் இருபது நேரம் காட்டிக்கொண்டிருந்தன. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். வெற்றிலைச் சிவப்பு உதடு, வலது கண்ணில் பூதக்கண்ணாடி. கட்டையை வாங்கி ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"குந்தும்மா. இது வடக்கு மாட வீதி வக்கீல் வூட்டுக் காரு."

"கார் இல்லை, இது வெறும் கட்டை" என்றேன்.

"அந்தக் காரோட எஞ்சினு இந்த சைஸுதாம்மா. நான்தான் ஸ்பிரிங்கு மாத்தனேன். வருசா வருசம் கொலுவுக்கு முன்னாடி எண்ணெ போடக் கொண்டாருவாங்க. போன மாசம்கூட வந்துச்சு. முன்னால ஏண்டிலு. பச்சைக் கலரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உடனே போகலாமா என்று கேட்டேன். பாய் சிரித்தார்.

"சாயந்திரம் போம்மா. கொலு வூட்டுக்கு யாரு வோணா போலாம். சுண்டல் குட்ப்பாங்க. ஆனா ஒண்ணு. காரு இப்போ கொலுல கீது."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவர் கொடுத்த அழுத்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்துப் பாடுவோம். படி கட்டிப் பொம்மை அடுக்குகிற வழக்கம் இல்லை. அதனால்தான் அன்று சாயங்காலம் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

வக்கீல் வீட்டு மாமி பெயர் கல்யாணி. நாற்பத்தைந்து வயதுக்கு ஓடியாடுகிற மனுஷி. வாசலில் கண்டதும், "வாங்கோ, வாங்கோ, எங்கேருந்து வரேள்?" என்று கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஒன்பது படி. உச்சியில் கலசம், அதன் பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் தரைக்குப் போய்விட்டது. படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பார்க் ஒன்று போட்டிருந்தார்கள். குளக்கரையில் செட்டியார் பொம்மை கடை விரித்திருந்தார். அவருக்கு எதிரே பச்சைக் கார். முன்னால், ரேடியேட்டருக்குக் கீழே, குட்டி ஹாண்டில்.

குனிந்தேன். தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் அரைச் சுற்றுச் சுற்றியும் விட்டேன்.

பாய் எண்ணெய் போட்ட எஞ்சின் அல்லவா? கார் விர்ரென்று கிளம்பிக் குளத்தைக் கடந்து செட்டியார் கடையில் புகுந்தது. செட்டியார் குப்புற விழுந்தார். பருப்பும் மிளகாயும் சிதறின. பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் நடு வரியில் நிறுத்திவிட்டாள். கூடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு வெட்கம் ஒரு பங்கு, சந்தோஷம் மூன்று பங்கு. எஞ்சின் ஓடுகிறது, என்ன ஓட்டம்.

மாமி வந்து செட்டியாரை நிமிர்த்தி, மூக்கையும் தொந்தியையும் தடவிப் பார்த்தார். உடையவில்லை. காரைக் கையில் எடுக்காமல் ஒரு விரலால் நகர்த்தி, பழைய இடத்தில் சேர்த்தார்.

"பரவாயில்லை, விடுங்கோ. தெரியாமப் பண்ணிட்டேள். கொலு வெச்சப்புறம் தொடப்படாது, அவ்வளவுதான்."

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? கட்டையைக் காட்டி, கார், கண், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு இந்தக் காரின்ரை எஞ்சின் தேவை, அம்மா. தாறியளோ?"

மாமி உடனே, "தரேன்" என்றார். எனக்கு நிம்மதி வந்து உட்கார்வதற்குள், "விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைத் தூங்கப் பண்ணி, மறுநாள் கார்த்தால கொலுவைக் கலைச்சதும் முதல்ல அதைத்தான் எடுத்துத் தருவேன். புதன்கிழமை வந்து வாங்கிக்கோங்கோ" என்றார்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு ரயில்."

மாமியின் முகம் மாறியது. கொலுவில் வைத்ததை இடையில் எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஒரு வருஷமும் இல்லை. ஈசிசேரில் சாய்ந்திருந்த வக்கீல் எழுந்து என் பக்கம் ஆஜரானார்.

"கல்யாணி, படியிலே இருக்கிறதுதான் கொலு. தரையிலே இருக்கிறது பார்க். பார்க்குக்கு இந்தச் சட்டம் எப்படிச் செல்லும்?"

"ஹாரத்தி எடுக்கறச்சே தரைக்கும் சேத்துத்தானே எடுக்கறேன்? உங்க கோர்ட்டை ஆத்துக்குள்ள கொண்டு வராதீங்கோ" என்றார் மாமி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மாமி எனக்குத் தாம்பூலமும் சுண்டலும் கொடுத்து, பாடச் சொன்னார். நான் ஒரு தேவாரம் பாடினேன். விடைபெறும்போது மாமி என் கையை விடாமல் கொஞ்சம் நின்றார்.

திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை. ஊரே புத்தகத்தையும் ஆயுதத்தையும் சாமிக்கு முன்னால் அடுக்கிவிட்டுச் சும்மா இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கடைகளில் தராசுக்குச் சந்தனப் பொட்டு, ரிக்ஷாக்களுக்கு மாலை. எனக்கு மாமிமேல் கோபம் வந்தது. அதை எழுதாவிட்டால் பொய்யாகும். ஒரு மனிதனின் கண்ணைவிடப் பொம்மையின் தூக்கம் பெரிதா என்று தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சண்டை போட்டேன், மனசுக்குள். மாமிக்காகப் பதில் சொல்லவும் நானே இருந்தேன். கும்பம் வைத்த பத்து நாளில் எங்கள் வீட்டுக் கும்பத்தை யாராவது தூக்கிக் கொடு என்றால் நான் கொடுப்பேனா? கொடுக்க மாட்டேன்.

கால் தானாகக் கரீம் பாய் கடைக்குப் போயிற்று. அன்றைக்கும் அவர் கடை திறந்திருந்தது.

"நீங்கள் ஒருக்கால் மாமியிட்டைச் சொல்லிப் பாருங்கோவன்" என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கேக்க மாட்டேம்மா. நோம்பு மாசத்துல அந்த அம்மா ஒரு சாமானும் ரிப்பேருக்கு அனுப்ப மாட்டாங்க. 'பாய் பட்டினியா கீறாரு, பெருநாளுக்கு அப்பால பாத்துக்கலாம்'னு சொல்லிடுவாங்க. நான் போயி அவங்க கொலுல கை வெய்யின்னு எப்டிச் சொல்றது?"

அவர் டீ வரவழைத்தார். நாலு நாளில் நான் குடித்த ஒரே டீ, நல்ல டீயும்கூட. கட்டையை அவர் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது அதைக் கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாளு எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்கும் அதைச் சுமக்க மனமில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. பெட்டியைக் கட்டிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையல்ல, கட்டையையும் வாங்க வேண்டும் என்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஜட்கா வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனேன். பாய் கடை பூட்டியிருந்தது. வடக்கு மாட வீதிக்குப் போனால், சுள்ளென்ற வெயிலில் வக்கீல் வீட்டுக் கதவும் சாத்தி, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஒன்பது நாளும் ஊருக்கே திறந்து கிடந்த வாசல். நான் வந்து மறுபடியும் கேட்டுவிடுவேனோ என்று சாத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். வாசற்படியில் கரீம் பாய் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்குரூடிரைவர்களைச் சுருட்டிக் கட்டிய துணி. நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. உள்ள ராத்திரி நடந்துகினு கீது."

நான் விளங்காமல் நின்றேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. நீலாம்பரியில் தாலாட்டு. மெல்ல, அவசரமே இல்லாமல். கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். கூடம் கும்மிருட்டு, ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவைகளைத் திணித்திருந்தார்கள். ஒரே ஒரு குத்துவிளக்கு. மாமி மரப்பாச்சியைப் படியிலே சாய்த்துப் படுக்கவைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் சட்டை இல்லாமல் விசிறியோடு பக்கத்தில் நின்றார்.

தாலாட்டு முடிந்தது. விளக்கைக் குளிர வைத்தார்கள். வீதியில் போகிற வண்டிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நானும் பாயும் படியில் உட்கார்ந்து அந்த இருட்டுக்குக் காவல் இருந்தோம். நான் வந்த ஜட்காக்காரன்கூடக் குதிரையின் மணியைக் கையால் பொத்திக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தூக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேரம் மாமி விட்டார். பிறகு பூபாளத்தில் குரல் எழும்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவு திறந்து, ஈரத் தலையோடு மாமி வாசலுக்கு வந்து, தண்ணீர் தெளித்து இரண்டு இழை கோலம் போட்டார். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டேளா? பொழுது விடிஞ்சுடுத்து. உள்ள வாங்கோ."

நான் அழுதேன். அதை எப்படி அழகாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அழுதேன். மாமி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை எனக்கு. ஒரு மனுஷர் ஒண்ணைக் கண்ணால பாக்கணும்னு காத்துண்டிருக்கார். தூங்கப் பண்ணாம எடுக்கவும் எனக்கு மனசு வரலை. அதான் கார்த்தாலயே பாய்க்குச் சொல்லி அனுப்பிட்டு, ராத்திரியைக் கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டுண்டேன். அம்பாள் கோவிச்சுக்க மாட்டா."

"இதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை" என்றார் வக்கீல், மிகுந்த திருப்தியோடு.

காரைப் பாய் வாசல் வெளிச்சத்தில் வைத்து நாலு திருகாணிகளைக் கழற்றினார். எஞ்சின் பிரிந்து வந்தது. தகரக் கூடு மட்டும் மிஞ்சியது. கூட்டை எனக்கே கொடுக்க மாமி தயார்தான். பாய்தான், "கூடு இங்கியே இருக்கட்டும்மா. கொலுல காரு நின்னா போதும், ஓட வோணாமே" என்றார். ஆனால் உள்ளே கனம் இல்லாமல் கூடு முன்னும் பின்னும் ஆடியது. பாய் சட்டைப் பையிலிருந்து என் கட்டையை எடுத்தார். மாமி எப்படியும் கொடுத்துவிடுவார் என்று நம்பி நேற்று முழுக்க வைத்திருந்தது இதற்குத்தான். அடியில் நாலு துளை போட்டிருந்தார். எஞ்சின் இருந்த இடத்தில் அதை வைத்து அழுத்தினார். தட்ட வேண்டியிருக்கவில்லை, செதுக்க வேண்டியிருக்கவில்லை. இவர் விரலால் அளந்த கட்டை அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதே திருகாணிகளை முடுக்கினார்.

எஞ்சினை வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணியோடு தாம்பூலமாகத்தான் மாமி கொடுத்தார். விலை என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. வழிக்குப் புளியோதரை வேறு. ஜட்கா தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்கால ரயிலில் எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பாட்டு மேசையில் காரைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். பிரயாணம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. எஞ்சினை வாங்கி விரலால் நாலு பக்கமும் தடவி, "ஹாண்டில் முன்னாலதான்" என்றார். மத்தியானத்துக்குள் பொருத்திவிட்டார். குனிந்து, காலை அகட்டி நின்று, அடையாறு டிரைவரைப் போலவே சுற்றினார். கார் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால், அது தன் முகத்தை நோக்கி வருவதைப் பார்த்தார். மறுபடி விடு என்றார். இருட்டும்வரை விட்டோம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை வெட்டினார்கள். பார்வை மிஞ்சவில்லை. வெளிச்சமா இருட்டா என்று மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரிகிறது.

மாமி வருஷாவருஷம் கடுதாசி போடுகிறார். பச்சைக் கார் பார்க்கில் நிற்கிறதாம், செட்டியாருக்கு இப்போது பயமில்லையாம். நாங்களும் இங்கே ஒரு பலகை போட்டு, கும்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் காரை வைக்கத் தொடங்கிவிட்டோம். விஜயதசமியன்று பகல் இரண்டு மணிக்கு வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, காரைச் சாய்த்துப் படுக்கவைத்து, எனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடுவேன். அக்கம்பக்கத்தார் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

போன வருஷம் பாட வாயெடுத்தபோது இவர் கையைத் தூக்கி நிறுத்தினார். முகத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"பொறு. இன்னும் ராத்திரி ஆகேல்லை. குசினிப் பக்கத்து ஜன்னல் சாத்தேல்லை."

சமையலறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அதையும் சாத்திவிட்டு வந்து பாடினேன்.